22 கிலோவிலிருந்து 18.3 கிலோ: ஒரு நாட்டு நாய்க்கு டிரை ஃபுட் தேர்ந்த கணக்கு

இருபதாவது வாரம் எடை போட்டபோது 18.3 கிலோ. தொடங்கிய நாளில் 22. நாட்டு நாய், பெட்டை, வயது 4, கருத்தடை ஆனது, வீட்டுக்குள் வளர்வது, நாளைக்கு 40 நிமிட நடை. குறை இரண்டு. மேலிருந்து பார்த்தால் இடுப்பு எங்கே என்று தெரியாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் மலம் கூழாகப் போகும். நல்ல தீவனமாகப் பார்த்து வாங்கிவிட்டால் இரண்டும் சரியாகிவிடும் என்றுதான் வேலை ஆரம்பித்தது. பையை மாற்றியதில் பாதிதான் சரியானது. மீதியைச் சரிசெய்தது 350 ரூபாய் சமையலறைத் தராசு.

முதலில் எடை, பிறகு தீவனம்

ஆள் மட்டும் ஒருமுறை, நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறை என்று குளியலறை எடைக்கருவியில் நின்று கழித்தால் நாயின் எடை கிடைக்கும். மூன்று முறை போட்டு நடு எண்ணை எடுத்துக்கொள்வது நல்லது, ஒவ்வொரு தடவையும் 200 கிராம் வரை ஆடும். வாரம் ஒரு நாள், காலைச் சாப்பாட்டுக்கு முன்.

எண்ணைவிட விரல் நம்பகமானது. விலாவின் மேல் உள்ளங்கையை வைத்து லேசாக நகர்த்தினால் எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட வேண்டும். கை முஷ்டியை மடக்கி விரல் கணுக்களின் மேல் தடவிப் பார்த்தால் வருவது ஒல்லி. உள்ளங்கைப் பக்கத்து விரல் அடியைத் தடவினால் வருவது குண்டு. புறங்கையைத் தடவினால் வருவதுதான் சரியான பதம். இந்த நாய்க்கு விலாவைத் தேடி அழுத்த வேண்டியிருந்தது. நாட்டு நாய்கள், சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இயல்பிலேயே ஒட்டிய வயிறு உள்ளவை. கடைசி இரண்டு விலா கண்ணுக்குத் தெரிந்தாலே "சோறு போடுவதில்லையா?" என்று தெருவில் கேட்பார்கள். கேட்கட்டும்.

இலக்கு 18 கிலோ என்று வைத்து, ஓய்வில் இருக்கும் நாய்க்குத் தேவையான ஆற்றலைக் கணக்கிட்டது. சூத்திரம்: எடையின் முக்கால் அடுக்கு, பெருக்கல் 70. சாதாரண போன் கால்குலேட்டரிலேயே போடலாம். 18 × 18 × 18 = 5832. அதற்கு வர்க்கமூலம் 76.4. மறுபடியும் வர்க்கமூலம் 8.74. அதை 70-ஆல் பெருக்கினால் 612 கிலோ கலோரி. கருத்தடை ஆன வளர்ந்த நாய் எடையைக் காப்பாற்ற இதில் 1.6 மடங்கு, அதாவது 979. எடை குறைய, இலக்கு எடைக்கான 612-ஐ அப்படியே கொடுத்து ஆரம்பிக்கலாம். வாரத்துக்கு உடல் எடையில் 1 முதல் 2 சதவீதம் குறைந்தால் சரியான வேகம். அதைவிட வேகமானால் கொழுப்போடு தசையும் போகும்.

பிறகு, அதுவரை உள்ளே போய்க்கொண்டிருந்தது எவ்வளவு என்று ஒரு நாள் முழுக்க நிறுத்துப் பார்த்தது. கடையில் இலவசமாகக் கொடுத்த பிளாஸ்டிக் கப்பில் "ஒரு கப்" என்பது தலை தட்டினால் 104 கிராம், குவித்தால் 133. வீட்டில் எல்லோரும் குவித்துத்தான் போட்டார்கள். காலையும் இரவும் சேர்த்து 266 கிராம், சுமார் 830 கிலோ கலோரி. மதியம் 300 கிராம் தயிர்ச்சோறு, ஏறக்குறைய 400. டீ நேரத்தில் ஐந்து மேரி பிஸ்கட், சுமார் 120. மொத்தம் 1350. நாய் ஏன் உருண்டது என்பதற்கு அதற்குமேல் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை.

மூன்று பை, ஒரே அளவுகோல்

அதுவரை வாங்கியது கடையில் லூஸாக அள்ளித் தரும் சரக்கு. அது எந்தத் தேதியில் தயாரானது, எந்த பேட்ச் எண் என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரியாது. மூட்டையின் அடியில் இருப்பதில் பழைய எண்ணெய் வாடை, சிக்கு பிடித்த முறுக்கு டின்னைத் திறந்தாற்போல் அடிக்கும். அந்த வாடை வந்தாலே கொழுப்பு கெட்டுவிட்டது என்று அர்த்தம். எனவே லூஸ் சரக்கு வாங்குவது முதல் நாளே நின்றது.

கடையில் கிடைத்தவற்றில் மூன்று விலைப் படிகளிலிருந்து மூன்று பைகள். பெயர் வேண்டாம், அ, ஆ, இ என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றிலும் "வளர்ந்த நாய்க்கு முழுமையான, சமச்சீர் உணவு" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அந்த வரி இல்லாத பை எவ்வளவு அழகாக இருந்தாலும் அது தின்பண்டம்தான், முழுச் சாப்பாடு ஆகாது. இந்தியாவில் மனித உணவுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விலங்குத் தீவனத்தைத் தன் வரம்பிலிருந்து விலக்கிவிட்டது. ஆகவே லேபிளைப் படித்துக் கணக்குப் போடும் வேலை பெரும்பாலும் வாங்குபவர் தலையில்தான்.

லேபிளில் அச்சிட்டிருந்தது (எல்லாம் சதவீதத்தில்):

அ பை: புரதம் 20, கொழுப்பு 10, நார் 5, ஈரம் 12. கிலோ ரூ. 240.
ஆ பை: புரதம் 26, கொழுப்பு 14, நார் 4, ஈரம் 10. கிலோ ரூ. 450.
இ பை: புரதம் 32, கொழுப்பு 18, நார் 3, ஈரம் 9. கிலோ ரூ. 800.

மாவுச்சத்தை யாரும் அச்சிடுவதில்லை. 100-லிருந்து எல்லாவற்றையும் கழித்து, சாம்பல் சத்துக்கு (எரித்தால் மிஞ்சும் தாதுக்கள்) 8 என்று வைத்து அதையும் கழித்தால் மிஞ்சுவதுதான் மாவுச்சத்து: அ 45, ஆ 38, இ 30. பிறகு புரதம் × 3.5, கொழுப்பு × 8.5, மாவு × 3.5. கூட்டினால் 100 கிராமுக்கு எத்தனை கிலோ கலோரி என்று வரும். அ 312, ஆ 343, இ 370. குத்துமதிப்புதான், ஆனாலும் போதும். ஆ நிறுவனத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டதில் கிலோவுக்கு 3,480 என்று பதில் வந்தது. கணக்கில் வந்தது 3,430.

ஒரு நாளைய 612 கிலோ கலோரிக்கு அ 196 கிராம், 47 ரூபாய். ஆ 178 கிராம், 80 ரூபாய். இ 165 கிராம், 132 ரூபாய். கிலோ விலையில் அ-வுக்கும் இ-க்கும் மூன்று மடங்குக்குமேல் வித்தியாசம், நாள் செலவில் 2.8 மடங்கு. பெரிய ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் புரதத்தில்தான் இருந்தது.

சதவீதத்தைப் பார்த்து வாங்கியது

முதலில் வாங்கியது இ. 32 என்ற எண் பெரிதாகத் தெரிந்தது, பை மேல் கோழி படமும் பெரிது. 3 கிலோ பை, 2,400 ரூபாய். பழையதிலிருந்து மூன்றே நாளில் மாற்றியாயிற்று. நாலாம் நாளிலிருந்து மலம் தண்ணீராகவே போனது. அதோடு 165 கிராம் என்பது கிண்ணத்தின் அடியை மூடவே போதாது. நாய் காலியான கிண்ணத்தை வீடு முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்தது.

இந்த இடத்தில் இரண்டாவது தவறு நடந்தது. "கோழி ஒத்துக்கொள்ளவில்லை" என்று முடிவு கட்டி, கோழி இல்லாத பை தேடும் வேலை ஆரம்பமானது. உணவு ஒவ்வாமையில் கோழியும் மாட்டிறைச்சியும் பாலும் கோதுமையும் அடிக்கடி காரணமாவது உண்மைதான். ஆனால் அதை உறுதி செய்ய நாய் இதுவரை சாப்பிடாத ஒரே ஒரு புரதத்தை, வேறு எதுவும் வாயில் படாமல், குறைந்தது 8 வாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு பழையதைத் திரும்பக் கொடுத்து மறுபடி வருகிறதா என்று பார்க்க வேண்டும். நாலு நாள் கழிச்சலை வைத்துச் சொல்ல முடியாது. நம் ஊரில் நாய் சொறிந்தாலும் முதலில் உண்ணியையும் தெள்ளுப்பூச்சியையும் பார்க்க வேண்டும், சாப்பாடு அப்புறம்.

கால்நடை மருத்துவரிடம் மலப் பரிசோதனை செய்ததில் புழு இல்லை. காரணம் சாதாரணமானது: மூன்றே நாளில் கொழுப்பு 18-க்குத் தாவியது. அந்தப் பரிசோதனையை முதல் வாரமே செய்திருந்தால் 15 நாள் மிஞ்சியிருக்கும்.

இன்னொரு வீண் வேலை, ஊறவைத்துப் பார்த்தது. மூன்றிலும் 50 கிராம் எடுத்து 20 நிமிடம் தண்ணீரில் போட்டால் அ இரண்டு மடங்கு உப்பியது, இ அவ்வளவு இல்லை. உப்பினால் மட்டமான சரக்கு என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. உப்புவது அதிலுள்ள மாவையும், எந்திரத்திலிருந்து பிதுங்கி வெளியே வரும்போது உள்ளே சிக்கிய காற்றையும் பொறுத்தது. தரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பல் போன கிழட்டு நாய்க்கு எது சீக்கிரம் மிருதுவாகும் என்று பார்க்க வேண்டுமானால் உதவும்.

ஆ ஏன் தேறியது

எடை குறைக்கும்போது கலோரியைத்தான் குறைக்க வேண்டும். புரதமும் தாதுக்களும் குறையக் கூடாது. பெரும்பாலான டிரை ஃபுட்கள் நாய் முழுச் சாப்பாடு சாப்பிடும் என்ற கணக்கில் கலக்கப்பட்டவை. அளவை மூன்றில் ஒரு பங்கு வெட்டினால் எல்லாச் சத்தும் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

அமெரிக்காவில் தீவனங்களுக்கு அளவுகோல் வகுக்கும் ஆஃப்கோ அமைப்பு வளர்ந்த நாய்க்குச் சொல்லும் குறைந்தபட்சப் புரதம் 1000 கிலோ கலோரிக்கு 45 கிராம். இந்த நாயின் முழுத் தேவை 979 என்பதால் நாளைக்கு 44 கிராம். இப்போது 612 கிலோ கலோரிக்குள் ஒவ்வொரு பையும் எவ்வளவு தருகிறது? அ 39 கிராம், ஆ 46, இ 53. முழுச் சாப்பாடாக இருந்தால் அ தாராளமாகத் தேறும். அளவைக் குறைத்தால் தேறாது. ஆ மயிரிழையில் தேறியது. இ-யில் புரதம் நிறைய, ஆனால் கொழுப்பும் கூடவே வந்து கிண்ணத்தைக் காலியாக்குகிறது, பர்ஸையும்.

பைகளை ஒப்பிடும்போது ஈரத்தைக் கழித்துப் பார்ப்பதும் முக்கியம், குறிப்பாக டின்னிலும் பவுச்சிலும் வரும் ஈரத் தீவனத்தோடு. பவுச்சில் புரதம் 8 என்று இருந்தால் குறைவாகத் தெரியும். அதில் ஈரம் 80. 8-ஐ மீதி 20-ஆல் வகுத்தால் உலர் எடையில் 40 சதவீதம். ஆ பையை அதே மாதிரி போட்டால் 26-ஐ 90-ஆல் வகுத்து 28.9.

பொருள் பட்டியலில் பார்த்தவை கொஞ்சம்தான். பட்டியல் எடை வரிசையில், அரைத்துக் காய வைப்பதற்கு முன் இருந்த எடையில் வரும். "கோழி" முதலில் இருந்தால் அதில் முக்கால்வாசி தண்ணீர், காய்ந்தபின் பின்வரிசைக்குப் போய்விடும். "சிக்கன் மீல்" என்பது ஏற்கெனவே காயவைத்து அரைத்த கோழித் தூள், எனவே இரண்டாவதாக இருந்தாலும் அதுவே அதிகமாக இருக்கலாம். மக்காச்சோளம், மக்காச்சோளக் குளூட்டன், குருணை அரிசி, தவிடு என்று தானியத்தை நாலாகப் பிரித்து எழுதியிருந்தால் நான்கையும் மனதில் ஒன்றாகக் கூட்டிக்கொள்ள வேண்டும். "சிக்கன் ஃப்ளேவர்" என்றால் வாசனை, அவ்வளவுதான்.

புரத எண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. ஆய்வகத்தில் அளப்பது நைட்ரஜனை. அதை 6.25-ஆல் பெருக்கிப் புரதம் என்று எழுதுகிறார்கள். இறைச்சியா, இறகா என்று அந்த எண் பிரித்துச் சொல்லாது. 2007-இல் சீனாவிலிருந்து வந்த கோதுமைக் குளூட்டனில் மெலமைன் என்ற நைட்ரஜன் நிறைந்த வேதிப்பொருளைக் கலந்து நைட்ரஜனை உயர்த்திக் காட்டியதால் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டு இறந்தன, ஏராளமான தீவனங்கள் திரும்பப் பெறப்பட்டன. லேபிளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். அதனால்தான் மூன்று நிறுவனங்களுக்கும் ஒரே மின்னஞ்சல் போனது: கிலோவுக்கு எத்தனை கிலோ கலோரி, கால்சியமும் பாஸ்பரஸும் எத்தனை சதவீதம், கலவையை வகுத்தவர் விலங்கு ஊட்டச்சத்து படித்தவரா, ஒவ்வொரு பேட்சிலும் பூஞ்சை நச்சு சோதிக்கிறீர்களா. ஆ-வும் இ-யும் எண்களோடு பதில் தந்தன. அ-விடமிருந்து ஒரு விளம்பரக் கையேடு வந்தது.

தானியமே இல்லாத பை பக்கம் போகவில்லை. பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த அவ்வகைத் தீவனங்களுக்கும் ஒருவகை இதயத்தசை நோய்க்கும் தொடர்பு இருக்கிறதா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. கூடுதல் விலை கொடுத்து அந்தச் சந்தேகத்தையும் சேர்த்து வாங்க இந்த நாய்க்குத் தேவை எதுவும் இல்லை.

மாற்றியது

இம்முறை ஒன்பது நாள், எல்லாம் தராசில். 1 முதல் 3 வரை: இ 124 கிராம், ஆ 45. 4 முதல் 6 வரை: இ 83, ஆ 89. 7 முதல் 9 வரை: இ 41, ஆ 134. பத்தாம் நாள் ஆ மட்டும் 178, இரண்டு வேளையாகப் பிரித்து 89, 89. ஐந்தாம் நாள் மலம் கொஞ்சம் தளர்ந்தது. அளவை மாற்றாமல் அப்படியே தொடர்ந்ததும் இறுகியது. பார்க்க வேண்டியது: கையால் எடுத்தால் உடையாமல் வர வேண்டும், தரையில் லேசான ஈரத் தடம் மட்டும் விட வேண்டும். கல்லாக இருந்தாலும் தப்புதான்.

பசிக்கு வேகவைத்த பரங்கிக்காய் 50 கிராம், அல்லது உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் ஒரு கைப்பிடி. 20 கிலோ கலோரிகூடத் தேறாது, கிண்ணம் நிறைந்தாற்போல் இருக்கும். தின்பண்டம் எல்லாம் சேர்த்து நாள் கலோரியில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. இங்கே அது 61. ஒரு முட்டையே 70-ஐத் தாண்டும். சாம்பார்ச் சோறு அறவே நின்றது. வெங்காயமும் பூண்டும் வெந்திருந்தாலும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தாலும் சேரும். திராட்சை, கிஸ்மிஸ், சாக்லெட், சர்க்கரையில்லாத சூயிங்கத்தில் இருக்கும் சைலிட்டால், வெந்த எலும்பு: இவையும் கிடையாது.

வீட்டிலேயே கோழியும் சோறும் சமைத்துப் போட்டால் என்ன என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து விட்டாயிற்று. 979 கிலோ கலோரிக்கு கால்சியம் சுமார் 1.2 கிராம் வேண்டும். எலும்பில்லாத கோழியும் அரிசியும் அதில் பத்தில் ஒரு பங்குகூடத் தராது. முட்டை ஓட்டை நைஸாகப் பொடித்து 3 கிராம் சேர்த்தால் கால்சியம் சரியாகும். துத்தநாகம், செம்பு, அயோடின், வைட்டமின் டி, ஈ எல்லாம் அப்படியே பாக்கி நிற்கும். சமைத்துத்தான் போட வேண்டுமென்றால் மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவும் தாதுக் கலவையும் வேண்டும். இதற்கு நேர் எதிரான தப்பு, முழுமையான பப்பி ஃபுட் போட்டுக்கொண்டே கால்சியம் டானிக்கும் ஊற்றுவது. பெரிய இனக் குட்டிகளுக்கு எலும்பு வளர்ச்சி கோணிப்போக அது ஒரு நேர்வழி.

சேமிப்பு

20 கிலோ மூட்டை வாங்கினால் கிலோவுக்கு 70 ரூபாய் மிச்சம். ஆனால் நாளைக்கு 178 கிராம் என்றால் அது தீர 112 நாள். பிரித்த பையை ஆறு வாரத்துக்குள் முடிப்பது நல்லது. 27 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்வார்கள், சித்திரையில் நம் சமையலறை எதுவும் அந்தப் பக்கம் வராது. 3 கிலோ பை 17 நாளில் தீர்ந்துவிடும். மக்காச்சோளத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உருவாகும், அது கல்லீரலைத் தாக்கும், வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. ஐப்பசி மழையில் பை வாயைத் திறந்து வைப்பது அதனால்தான் ஆபத்து.

தீவனத்தை டின்னில் கொட்டக் கூடாது. பையோடு சுருட்டிக் கிளிப் போட்டு, பையை எவர்சில்வர் டிரம்முக்குள் இறக்க வேண்டும். கொட்டினால் டின்னின் அடியில் பழைய எண்ணெய் படிந்து புதுச் சரக்கையும் கெடுக்கும், பேட்ச் எண்ணும் பையோடு குப்பைக்குப் போய்விடும். எறும்புக்கு டிரம்மை ஒரு தாம்பாளத் தண்ணீரில் நிறுத்தினால் போதும். எறும்புப் பொடியும் சாக்பீஸும் நாய் நக்கும் இடத்தில் வேண்டாம்.

எடை

மூன்றாம் வாரம் 21.7. எட்டாம் வாரம் 20.5. பதினொன்றில் 19.8. பிறகு இரண்டு வாரம் அசையவே இல்லை. தீவனத்தை இன்னும் வெட்டலாமா என்று யோசித்த நேரத்தில், காலை இட்லித் தட்டிலிருந்து தினமும் இரண்டு இட்லி நாய்க்குப் போவது தெரிந்தது. அதுவே 100 கிலோ கலோரிக்கு மேல். தராசு பக்கத்திலேயே ஒரு தாளை ஒட்டி, யார் எது கொடுத்தாலும் எழுத வேண்டும் என்று ஆனபிறகு எடை மறுபடி இறங்கியது.

18.3 வந்ததும் சூத்திரப்படி 979 கொடுத்திருந்தால் எடை மறுபடி ஏறியிருக்கும். வாரத்துக்குப் பத்துப் பத்துக் கிராமாக ஏற்றிப் பார்த்ததில் 240 கிராமில் எடை நின்றது. அதாவது 823 கிலோ கலோரி, 1.6 மடங்கு இல்லை, 1.35 மடங்குக்கும் சற்றுக் கீழே. நாள் செலவு 108 ரூபாய். லூஸ் சரக்கும் பிஸ்கட்டுமாக இருந்த காலத்தைவிடக் கூடுதல்தான்.

மறுபடி முதலிலிருந்து செய்வதானால் வரிசை மாறும். மலப் பரிசோதனை முதலில். அடுத்து, இருக்கிற தீவனத்தையே இரண்டு வாரம் தராசில் நிறுத்துப் போட்டுப் பார்ப்பது. நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் பை வாங்குவதற்கு முன். தீவனத்தையும் அளவையும் ஒரே நாளில் மாற்றாமல் ஒவ்வொன்றாக. இவ்வளவும் செய்திருந்தால் இ பைக்குப் போன 2,400 ரூபாய் கையில் இருந்திருக்கும்.

போன வாரம் வந்த புதுப் பையில் லேபிள் மாறியிருக்கிறது: கொழுப்பு 14-க்குப் பதில் 12, மற்றவை அப்படியே. மாவுச்சத்து 40 ஆகிறது, 100 கிராமுக்கு 333 கிலோ கலோரி. 823-க்கு 247 கிராம். தராசின் மேல் ஒட்டிய தாளில் 240-ஐ அடித்து 247 என்று எழுதியாயிற்று.